மே மாத நிழல் தெற்கே விழும்

எங்கள் பள்ளிச் சாரணர் குழுவில் முடிச்சு வகுப்பு தொடங்கியபோது பாதிப் பேருக்கு அது புதுப்பாடமே இல்லை. திண்டுக்கல்லுக்குப் பக்கத்துச் சிற்றூர் அது. ஆடு மாடு இல்லாத வீடு குறைவு. ஸ்கவுட் சார் மேசைக்காலில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, "இதுக்குப் பேரு கிளவ் ஹிட்ச்" என்று காட்டி முடிப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "சார், இது முளைக்குச்சியில ஆட்டக் கட்டுறதுதான?" என்றான். சார் கோபப்படவில்லை. அவனையே முன்னால் வரச்சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னார். போட்டான். ஒற்றைக் கையால் போடச் சொன்னார். அதையும் போட்டான். மறு கையில் துள்ளுகிற கிடாயைப் பிடித்துக்கொண்டே கட்டிப் பழகியவனுக்கு அதில் என்ன சிரமம்? அன்றிலிருந்து புதிதாகச் சேரும் பையன்களுக்குக் கிளவ் ஹிட்ச் சொல்லித்தருவது அவன் பொறுப்பு.

மற்ற முடிச்சுகளில் சில எங்களுக்கு உண்மையிலேயே புதியவை. வேலையைச் சொல்லாமல் முடிச்சைச் சொல்லித்தரக் கூடாது என்பது சாரின் பிடிவாதம். ரீஃப் நாட் தட்டையாகப் படியும், அதனால் காயக் கட்டுக்கு ஆகும்; ஆள் தொங்கும் கயிற்றுக்கு ஆகாது. முதல் மடிப்பில் வலது மேலே என்றால் இரண்டாவதில் இடது மேலே வரவேண்டும். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் பார்வைக்கு முடிச்சு மாதிரியே இருக்கும், இழுத்தால் நழுவும். தடித்த கயிறும் மெல்லிய கயிறும் சேரவேண்டுமா, ஷீட் பெண்ட். நனைந்து வழுக்கும் கயிறுகளா, ஃபிஷர்மேன்ஸ் நாட். கயிறு நீளமாக இருக்கிறது, வெட்ட மனமில்லை என்றால் ஷீப்ஷாங்க். கிணற்றில் விழுந்தவனைத் தூக்கவேண்டும் என்றால் பௌலைன். அந்த வளையம் சுமை ஏறினாலும் இறுகாது, இடுப்பை நெரிக்காது. எங்கள் பக்கம் கைப்பிடிச்சுவர் இல்லாத தோட்டத்துக் கிணறுகள் நிறைய. அதனால் பௌலைனை மட்டும் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, தன் இடுப்பைச் சுற்றித் தானே ஒரு கையால் போட்டுக் காட்டும் வரை சார் விடமாட்டார்.

புத்தகத்துக்கும் எங்களுக்கும் முதல் சண்டை கயிற்றில் வந்தது. அந்த முடிச்சுகள் எல்லாம் சணலும் பருத்தியும் மணிலா நாரும் புழங்கிய காலத்தவை. நார்க்கயிறு சொரசொரப்பாக இருக்கும், சுற்றிய இடத்தில் கவ்விக்கொள்ளும். கடைவீதியில் நைலான் கயிறு மலிவாகக் கிடைத்ததால் பள்ளியில் அதைத்தான் வாங்கினார்கள். வழவழப்பான அந்தக் கயிற்றில் கிளவ் ஹிட்ச் மெல்ல மெல்ல நகர்ந்து அவிழ்ந்துவிடும். கூடுதலாக ஓர் அரை முடிச்சுப் போட்டு நிறுத்தவேண்டும். நுனி பிரியாமல் நூல் சுற்றும் பாடமும் வேலையற்றுப் போயிற்று, தீக்குச்சியைக் காட்டினால் நைலான் உருகித் தானே ஒட்டிக்கொள்ளுமே. மழை வந்தால் கதை தலைகீழ். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், கூடாரத்து முளையைப் பிடுங்கிக்கூட விடும். ஆகையால் படுக்கும் முன் கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் படு என்பது பழைய பாடம். நைலான் நனைந்தால் தொய்யும். கோடை மழையில் கூடாரத் துணி முகத்தில் வந்து ஒட்டியபோது, நாங்கள் எழுந்து போய்க் கயிற்றை இழுத்துக் கட்டினோம். புத்தகம் சொன்னதற்கு நேர் எதிரான வேலை.

லாஷிங், அதாவது கம்போடு கம்பைக் கயிற்றால் கட்டுவது, தனி வித்தை. ஸ்கொயர் லாஷிங் என்றால், நிற்கிற கம்பில் கிளவ் ஹிட்ச் போட்டுத் தொடங்கி, இரண்டு கம்பையும் சேர்த்து மூன்று நான்கு சுற்று, பிறகு கம்புகளுக்கு இடையே புகுத்தி இரண்டு சுற்று இறுக்கி, குறுக்குக் கம்பில் இன்னொரு கிளவ் ஹிட்சோடு முடிப்பது. மூன்று கம்பைச் சேர்த்து முக்காலி நிறுத்த ஃபிகர் ஆஃப் எயிட். பேசின் வைக்க முக்காலி, செருப்பு அடுக்கத் தட்டு, தட்டு டம்ளர் கவிழ்க்க ஒரு பரண் என்று ஒவ்வோர் அணியும் முகாமில் 'கேட்ஜெட்' செய்து காட்டவேண்டும், அதற்குத் தனி மதிப்பெண். அப்போது பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சவுக்குக் கம்பில் சாரம் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் பீடி பிடிக்க ஒதுங்கிய இடத்தில் எங்கள் வேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எதுக்குத் தம்பி இத்தன சுத்து? மொதச் சுத்து எறங்கி ஒக்காரலேன்னா மேல பத்துச் சுத்து போட்டும் பிரயோஜனமில்ல" என்றார். பிறகு முழங்காலைக் கம்பில் முட்டுக் கொடுத்து, உடம்பின் எடை முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்துக் காட்டினார். நாங்கள் அதுவரை வெறும் கையால் இழுத்துக்கொண்டிருந்தோம். புத்தகப் படத்தில் கயிறு போகும் வழி இருந்தது, முழங்கால் இல்லை.

இந்தப் பாடங்கள் பிறந்த இடம் இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ தீவு. 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 20 சொச்சம் பையன்களை அங்கே கூட்டிப்போய், நான்கு அணிகளாகப் பிரித்து, ஒரு சோதனை முகாம் நடத்தினார். வசதியான பள்ளிகளில் படித்தவர்களையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து படுக்கவைத்தார். காலையில் எழுப்ப ஊதியது ஆப்பிரிக்காவிலிருந்து அவர் கொண்டுவந்த குடு மான் கொம்பு. இரண்டே ஆண்டில் இயக்கம் இந்தியாவுக்கு வந்துவிட்டது, ஆனால் வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். இந்தியப் பையன்களைச் சேர்க்கமாட்டோம் என்றிருந்த நிலையில் 1916-ல் அன்னி பெசன்ட் சென்னையில் அவர்களுக்கென்று ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று தனித்தனி அமைப்புகள் இணைந்து இன்றைய பாரத சாரண இயக்கம் உருவானது. அடுத்த ஆண்டே சாரணியரும் சேர்ந்தார்கள். காலமும் ஊரும் மாறினாலும் ஓர் ஏற்பாடு அப்படியே இருக்கிறது: ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி, அவர்களில் ஒருவனே தலைவன், சொல்லித்தருவது பெரும்பாலும் அவன் வேலை. 32 பேர் கொண்ட குழுவில் ஒவ்வொரு கையையும் பிடித்துக் கயிறு சுற்றவைக்க ஒரு வாத்தியாரால் முடியாது. எங்கள் கழுகு அணித் தலைவனுக்கும் எனக்கும் ஒரே ஒரு வகுப்பு வித்தியாசம். ஆனாலும் முகாமில் அவன் 'அண்ணே'தான்.

இந்த ஏற்பாடு ஓடாத இடத்தில் சாரணர் இயக்கம் என்பது இஸ்திரி போட்ட சீருடையும் ஸ்கார்ஃபும் மட்டுமே. சுதந்திர தினத்தில் அணிவகுப்பு, திருவிழாவில் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது. அதுவும் சேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வருஷம் முழுக்க ஒரு ராத்திரிகூட வெட்டவெளியில் தங்காத பிள்ளைகளை, சாரணர்களுக்கான மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் தேர்வு நெருங்கியதும் உட்காரவைத்து முடிச்சுப் பெயர்களை மனப்பாடம் செய்யவைப்பதைப் பார்த்திருக்கிறேன். கவர்னர் கையெழுத்தோடு சான்றிதழ் வந்துவிடும். கையில் கயிறு நிற்காது. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் வைரவிழா ஜம்போரி என்ற பெருமுகாம் நடந்தபோது நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து கூடாரத்தில் தங்கினார்கள். நல்ல காரியம். என்னைக் கேட்டால் ஜம்போரி என்பது திருவிழா. வித்தை படிவது ஒரே ஒரு குழு தனியாகப் போய், தானே சமைத்துத் தின்று, தானே நனைந்து காயும் சின்ன முகாமில்தான்.

தீ மூட்டும் சோதனையில் இரண்டே இரண்டு தீக்குச்சிதான் கிடைக்கும், இயக்கத்தின் பழைய வழக்கம் அது. புத்தகம் பிர்ச் மரப்பட்டையை உரித்துப் பற்றவைக்கச் சொல்லும், பைன் மரத்துக் காய்களைப் பொறுக்கச் சொல்லும். கொடைக்கானல் மேலே பைன் மரம் உண்டு, அது வனத்துறையின் சொத்து. எங்களுக்குக் கிடைத்தது பன்னாடை. தென்னை மட்டையின் அடியில் சல்லடையாகப் பின்னிக்கிடக்குமே, அது. நன்றாகக் காய்ந்த பன்னாடை ஒற்றைத் தீக்குச்சியில் பிடித்துக்கொள்ளும், காற்றடித்தாலும் அணையாமல் கொஞ்ச நேரம் நின்று எரியும். அதன்மேல் தேங்காய் நார், சோளத்தட்டை, அதன்மேல் சுள்ளி, பிறகு சீமைக்கருவேல விறகு. சீமைக்கருவேலத்தை எல்லோரும் திட்டுகிறோம், திட்டவேண்டியதுதான், ஆனால் மூன்று கல் அடுப்பில் அதைப்போல நின்று எரிந்து கங்கு தரும் விறகு எங்கள் பக்கம் வேறில்லை. முள்ளை மட்டும் கவனிக்கவேண்டும், ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு போகும். முருங்கைக் கட்டையைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தவனை நாங்கள் முகாம் முடியும்வரை கேலி செய்தோம்.

பாத்திரம் இல்லாமல் சமைப்பது எல்லோருக்கும் பிடித்த பாடம். சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பனங்கிழங்கையும் கங்கில் புதைத்துச் சுடுவதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டையைக் கங்கில் வைக்கும் முன் உச்சியில் சின்னத் துளை போடவேண்டும், இல்லாவிட்டால் நீராவி வெளியேற வழியின்றி வெடித்து முகத்தில் தெறிக்கும். கோதுமை மாவைக் கயிறு போலத் திரித்துக் குச்சியில் சுற்றிச் சுடுவது வெள்ளைக்காரர் முகாம்களிலிருந்து வந்த வழக்கம். எந்தக் குச்சி என்பதுதான் இங்கே கேள்வி. பச்சை வேப்பங்குச்சியில் சுட்டால் கசப்பு ஏறும். கொய்யாக் குச்சி நல்லது. அரளிக் குச்சியைக் கையாலும் தொடாதே என்று சார் மிரட்டி வைத்திருந்தார். அரளியில் எல்லாப் பாகமும் விஷம். பள்ளிக்கூடங்களிலும் சாலை நடுவிலும் அழகுக்கு வளர்ப்பதால் நேராக, வாட்டமாகக் கிளைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும், அதுதான் ஆபத்து. எந்தப் பழைய கையேட்டிலும் இந்த எச்சரிக்கையை நான் படித்ததில்லை. நம் ஊர் முகாமுக்கு இது முதல் பக்கத்தில் இருக்கவேண்டிய வரி.

தீயைப் பற்றிய பேச்சு 2018 மார்ச்சுக்குப் பிறகு மாறிவிட்டது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ, மலையேறப் போன குழுவைச் சூழ்ந்துகொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம். காய்ந்த புல்லில் தீ சரிவின் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், எரியும் தீ மேலே இருக்கிற புல்லைக் காயவைத்துக்கொண்டே போகும். அதனால் மேலே ஓடித் தப்பிக்க நினைப்பது ஆபத்து. பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்தையோ புல்லில்லாத பாறையையோ தேடவேண்டும். இன்று முகாம்களில் இதுவும் பாடம். கோடையில் மலையடிவாரத்தில் அடுப்பு மூட்டுவதில்லை. கேம்ப் ஃபயர் வேண்டுமென்றால் பள்ளி மைதானத்தில், மண் கொத்திச் சுத்தம் செய்த இடத்தில், பக்கத்தில் வாளியில் தண்ணீரோடு.

முதலுதவியில் முக்கோணக் கட்டு, ஸ்கார்ஃபையே கைத்தொட்டிலாக்குவது, இரண்டு கம்பும் இரண்டு சட்டையும் கொண்டு ஸ்ட்ரெச்சர் செய்வது எல்லாம் அன்றும் இன்றும் ஒன்றுதான். முழுசாக மாறியது பாம்புக்கடிப் பாடம். எங்கள் காலத்தில் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு, பிளேடால் கீறு, ரத்தத்தைப் பிதுக்கு என்றுதான் நோட்டில் எழுதிவைத்தோம். இன்று மருத்துவர்கள் இந்த மூன்றையும் செய்யாதே என்கிறார்கள். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகும். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, அங்கே பிளேடு போட்டால் ரத்தம் நிற்காது. எலும்பு முறிந்த கையை எப்படி அசையாமல் வைப்போமோ அப்படிச் சிம்பு வைத்துக் கட்டி, மோதிரம் வளையலைக் கழற்றி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ, பாம்பைத் தேடிக்கொண்டிருக்காதே. அவ்வளவுதான் பாடம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைச் செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது. 1978-ல் தொடங்கிய சங்கம். அங்கே ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினால் பத்து வகுப்புக்குச் சமம்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், கூடாரத்தில் தரையில் படுப்பவர்களுக்கு முக்கியமான பாம்பு அதுதான். ராத்திரியில் இரை தேடும், படுக்கைக்குள் வரும். கடித்தது பல நேரம் தெரியவே தெரியாது, வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடிகாலையில் வயிறு வலிக்கிறது, கண்ணிமை தானாகச் சொக்குகிறது என்று ஒரு பையன் சொன்னால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுக்கக் கூடாது. உடனே வண்டி. இப்போது பிள்ளைகளுக்கு முகாம் நடத்தும் நான், ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிய கொசுவலையைக் கட்டாயமாக்கிவிட்டேன். கொசுவுக்காக என்றுதான் பெற்றோரிடம் சொல்வது.

தடம் போடும் விளையாட்டை எங்கள் ஊரில் ஆடுகள் விளையாடவிட்டதில்லை. முன்னே போகும் அணி வழியில் குறி வைத்துப் போகவேண்டும்: கல்லால் அம்பு, இந்த வழி போகாதே என்பதற்குக் குச்சியால் பெருக்கல் குறி, புல்லை முடிந்து திரும்பும் திசை. பின்னால் வரும் அணி அதைப் பிடித்து வரவேண்டும். முடிந்த புல்லை ஆடு மேய்ந்துவிடும், மிச்சக் குறியை மந்தை மிதித்துக் கலைத்துவிடும். கல்லும் மரத்தில் சுண்ணாம்பும்தான் நின்றன. வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தால் 'நான் வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று பொருள், விளையாட்டின் கடைசிக் குறி. 1941 ஜனவரியில் இறந்த பேடன் பவலின் கல்லறை கென்யாவில் நியெரி என்ற ஊரில் இருக்கிறது. அவர் கல்லறைக் கல்லிலும் அந்த வட்டமும் புள்ளியும்தான். இதைச் சொன்னால் எந்தக் குழுவிலும் ஒரு நிமிஷம் சத்தம் நிற்கும், பிறகு யாராவது ஒருவன் 'சார், பசிக்குது' என்பான்.

உயரம் கண்டுபிடிக்கும் பாடத்துக்கு எங்களுக்குக் கொடிக்கம்பம் தேவைப்பட்டதில்லை, பனை இருந்தது. மரத்திலிருந்து பதினொரு தப்படி நடந்து, அங்கே ஒருவனைக் கம்பைப் பிடித்து நிற்கச் சொல்லவேண்டும். இன்னொரு தப்படி தள்ளித் தரையில் படுத்து, கண்ணை மண்ணோடு ஒட்டி வைத்து மரத்தின் உச்சியைப் பார்க்கவேண்டும். பார்வைக்கோடு கம்பை எத்தனை அங்குலத்தில் வெட்டுகிறதோ, மரம் அத்தனை அடி. மொத்தம் பன்னிரண்டு தப்படியில் கம்பு கண்ணிலிருந்து முதல் தப்படியில் நிற்கிறது, அதனால் பன்னிரண்டு மடங்கு, பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி. வடிவொத்த முக்கோணம் பத்தாம் வகுப்பில் வந்தபோது எங்களில் சிலருக்கு அது படுத்துக்கொண்டு பார்த்த பனைமரமாகவே தெரிந்தது. ஆற்றின் அகலத்துக்கும் இதேபோல முக்கோணக் கணக்கு ஒன்று உண்டு. அக்கரையில் ஒரு மரத்தைக் குறித்து, இக்கரையில் ஐம்பது தப்படி நடந்து ஒரு கம்பு நட்டு, மேலும் ஐம்பது தப்படி நடந்து, அங்கிருந்து ஆற்றுக்கு முதுகு காட்டிக் கம்பும் மரமும் ஒரே கோட்டில் வரும்வரை விலகிப் போவது. விலகிய தூரம்தான் ஆற்றின் அகலம். குடகனாற்றில் இதைச் செய்வதில் ஒரு வசதி, கணக்குப் போட்ட கையோடு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குள் நடந்துபோய் விடையைச் சரிபார்த்துவிடலாம். தண்ணீர் வந்து இடைஞ்சல் செய்வதில்லை.

திசை காண்பதில்தான் பிரவுன்சீயும் திண்டுக்கல்லும் அடியோடு பிரிகின்றன. சாரணர் கையேடுகளில் கைக்கடிகார முறை ஒன்று இருக்கும். கடிகாரத்தைக் கிடையாகப் பிடித்து, சின்ன முள்ளைச் சூரியனை நோக்கித் திருப்பு; அந்த முள்ளுக்கும் பன்னிரண்டுக்கும் நடுக்கோடு காட்டுவது தெற்கு. பூமியின் வடபாதியில் எங்கும் செல்லும் என்று போட்டிருக்கும். திண்டுக்கல் வடபாதியில்தான் இருக்கிறது, பூமத்திய ரேகையிலிருந்து பத்து டிகிரி சொச்சம் வடக்கே. ஆனால் பிரவுன்சீ 50 டிகிரிக்கு மேல். அங்கே நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கேதான் நிற்கும். இங்கே ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நேர் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு வடக்கே தாண்டிவிடும்; ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் திரும்பி வரும். நாம் முகாம் போடுவது எப்போது? முழுப்பரீட்சை முடிந்து, மே மாதத்தில். அப்போது நடுப்பகலில் சின்ன முள்ளைச் சூரியனை நோக்கிப் பிடித்தால் புத்தகம் தெற்கு என்று சொல்லும் திசை சுத்தமான வடக்கு.

இதைப் பேசிப் புரியவைப்பதைவிட ஒரு குச்சியை நடுவது சுலபம். மே நடுவில் ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குநூல் பிடித்து நேராக நட்டு வைத்தால் நடுப்பகலில் நிழல் ஏறத்தாழ பதினைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குத் தெற்கே விழும். அதே குச்சிக்கு டிசம்பரில் நிழல் வடக்கே, முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீண்டு கிடக்கும். நடுப்பகல் என்று நான் சொல்வதும் பன்னிரண்டு மணியை அல்ல. இந்திய நேரம் காக்கிநாடா வழியாகப் போகும் எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்த நேரம். நாம் அதற்கு மேற்கே நாலரை டிகிரி தள்ளி இருக்கிறோம், டிகிரிக்கு நாலு நிமிஷம். அதனால் கோடை முகாமில் நிழல் மிகக் குறுகுவது பன்னிரண்டே காலையொட்டித்தான். பிள்ளைகள் குச்சியைச் சுற்றிக் குத்தவைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு புளியங்கொட்டை வைத்து நிழலின் நுனியைக் குறிப்பார்கள். பன்னிரண்டு அடித்தும் நிழல் இன்னும் சுருங்கிக்கொண்டே போவதைப் பார்த்ததும் கடிகாரத்தைச் சந்தேகப்படுவார்கள், பிறகு குச்சியை, பிறகு என்னை.

இந்த ஊருக்கு எப்போதும் செல்லும் முறை கடிகாரம் கேட்பதில்லை. குச்சியைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம் போட்டு, காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும் இடத்தையும், பிற்பகலில் தொட்டு வெளியேறும் இடத்தையும் குறித்து, இரண்டையும் கோடிட்டு இணைத்தால் அதுதான் கிழக்கு மேற்கு. எந்த மாதமானாலும் சரி. கோயில் கட்டும் சிற்பிகள் திசை குறித்தது இப்படித்தான். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தில், இரண்டு கோல் நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலில் நூல் அறிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசை பார்ப்பது வருகிறது. நம்மிடம் இருந்ததை விட்டுவிட்டு ஐம்பது டிகிரிக்காரன் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கோபப்பட்டு என்ன, பேடன் பவல் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சரியாகத்தான் எழுதினார். இங்கே அச்சடித்தவர்கள் ஒரு மே மாதம் குச்சியை நட்டுப் பார்த்திருக்கலாம்.

நட்சத்திரமும் இதே கதைதான். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ அதுவே நம் அட்சரேகை. பிரவுன்சீயில் அது பாதி வானத்துக்கு மேலே நிற்கும். இங்கே கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வைத்தால், முஷ்டியின் மேல் விளிம்பில் மங்கலாகத் தெரியும். வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் போதும், மறைந்துவிடும். சப்தரிஷி மண்டலத்தின் முன்னிரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்த இடைவெளியைப்போல ஐந்து மடங்கு நீட்டித் துருவனைப் பிடிக்கும் பாடத்தை நாங்களும் செய்வோம். ஆனால் மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் பிள்ளைகளை முதலில் தெற்கே திரும்பச் சொல்வது வழக்கம். திரிசங்கு என்று நாம் சொல்லும் தென்சிலுவை அப்போது அடிவானத்துக்கு இரண்டு முஷ்டி மேலே நிமிர்ந்து நிற்கும், அதன் அடியே நேர் தெற்கு. இங்கிலாந்தில் இருந்து இதைப் பார்க்கவே முடியாது, ஆகவே அவர்கள் பாடத்தில் அது பின்பக்கத்தில்தான் இருக்கும். குளிர்கால முகாம் என்றால் ஓரையன் நட்சத்திரக் கூட்டம். அதன் இடுப்புப் பட்டையின் மூன்று நட்சத்திரங்கள் ஏறத்தாழ நேர் கிழக்கே உதித்து நேர் மேற்கே மறையும். அதே கூட்டத்தில் இருக்கும் திருவாதிரையைக் காட்டினால் எந்தப் பாட்டி வீட்டுப் பிள்ளையும் அந்த இடத்தைப் பிறகு மறக்காது.

இப்போது பிள்ளைகளின் பெற்றோர் கையில் இருக்கும் போனிலேயே திசைகாட்டியும் வரைபடமும் உண்டு. முகாமில் போனைப் பிடுங்கி வைக்கும் குழுக்கள் இருக்கின்றன, நான் அந்தக் கட்சி இல்லை. குச்சி நட்டுத் திசை கண்டபிறகு ஒரு போனை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எது தப்பு என்று கண்டுபிடிப்பது அடுத்த பாடம். போனின் பின்னட்டையில் காந்தம் இருந்து திசைகாட்டி கிறுக்குப் பிடித்து ஆடியதும் நடந்திருக்கிறது, குச்சி சாய்ந்திருந்ததும் நடந்திருக்கிறது.

போன கோடையில் நிழல் பாடம் முடிந்ததும் சாரணியர் அணியில் ஒரு பெண், எட்டாம் வகுப்பு, நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சார், டெஸ்ட்ல வாட்ச் மெத்தடு கேட்டா என்ன எழுதணும்? புக்ல இருக்கிறதா, நீங்க சொன்னதா?"

"புக்ல இருக்கிறத எழுதும்மா. அது கீழயே, நம்ம ஊர்ல ஏப்ரல் மூணாவது வாரத்துலயிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் நடுப்பகல்ல இது செல்லாதுன்னு ஒரு படத்தோட எழுது."

"அதுக்கு மார்க்கு உண்டா சார்?"

பக்கத்தில் நின்ற அவர்கள் டீச்சரைப் பார்த்தேன். தேர்வு நடத்த வருபவர் யார் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார் அவர்.